காயமில்லாச் சவரம்

(திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள வல்லத்தில், நமது சங்க உறுப்பினர்களும் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், முகத்திற் காயம் படாமற் சவரம் செய்வது எங்ஙனம் என்பதாகும். இதைக் கேட்ட அளவில், “மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வந்தனரோ!” என்று முதியோர் சிலர் நகைத்தல் கூடும். அன்பர்களே! அந்த மீன் குஞ்சுகள் இன்று குளத்தை விட்டு வெகு தூரம் சென்றுவிட்டன என்பதை நாம் மறத்தலாகாது. நம்மவர் பிள்ளைகள் ஆசிரியராகவும், காவலராகவும், பொறியாளராகவும் விளங்குகின்றனர். அவர்களுட் பலர், பேருந்துக்கு நேரமாயிற்று என்று ஓடுகின்ற ஓட்டத்தில், உலர்ந்த முகத்தின்மேற் கத்தியை இழுத்து, மோவாயில் ஒரு காகிதத் துண்டும் தாடையில் ஒரு பஞ்சும் ஒட்டிக்கொண்டு அலுவலகம் புகுகின்றனர். தொழிலில் இருக்கின்ற இளைஞரோ எனின், மின்சார டிரிம்மர் கொண்டு தாடியை அழகுபடுத்தும் வித்தையை முதலிற் கற்று, கத்தி பிடிக்கும் வித்தையைக் கடைசியிற் கற்கின்றனர். திண்ணையிலும் மரத்தடியிலும் அடைப்பத்தை விரித்து வைத்து நம் முன்னோர் செய்த தொழிலின் நுட்பம் அவர்கள் கையிலேயே இருந்தது. ஏட்டில் ஏறியது சிறிது. கையோடு வந்தது கையோடு போய்விடலாகாது என்னும் கவலையே நம்மை இங்கு நிறுத்தியது.

நம் குலத்திற்கு மருத்துவர் என்பது பெயர். ஆடவர் புண்ணுக்கு மருந்திட்டனர், கட்டி கீறினர். பெண்டிர் ஊரார் இல்லந்தோறும் சென்று பிள்ளைப்பேறு பார்த்தனர். இழித்துரைக்கும் பெயர்களால் நம்மை அழைத்த காலத்தில், மருத்துவர் என்னும் பெயரை நிலைநாட்டப் பெரியோர் பலர் உழைத்தனர். சென்னையிற் சித்த மருத்துவராக விளங்கிய பண்டிதர் எஸ். எஸ். ஆனந்தம் அவர்கள் “மருத்துவன்” என்னும் பெயராலேயே ஓர் இதழ் நடத்தியதை நம்மவர் அறிதல் வேண்டும். பெயரைச் சங்கமும் அரசாங்கமும் தரலாம். அப்பெயருக்குரிய தகுதியை யார் தருவர்? கத்தி பிடித்த கையே தரவேண்டும். ஒருவர் முகத்தில் இரத்தம் வாராமல் மழிப்பவனும், ஒருவர் இரத்தத்தை மற்றொருவர் முகத்திற்குக் கொண்டு செல்லாதவனுமே மருத்துவன். நமது பேச்சின் சாரம் இதுவே.

இத்தொழிலும் மருத்துவமும் ஒன்றாயிருந்தது நம் நாட்டில் மட்டுமன்று. இங்கிலாந்தில் 1540-ம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், லண்டன் மாநகரத்து நாவிதரும் ரண வைத்தியரும் சட்டப்படி ஒரே சங்கமாயினர். 1745-ம் ஆண்டில் ரண வைத்தியர் தனியே பிரிந்து சென்றனர். பிரிந்தவர் பட்டமும் பெருமையும் பெற்றனர். எஞ்சியவர் கத்தியோடு நின்றனர். மேனாட்டு முடிதிருத்தும் நிலையங்களின் வாயிலில் இன்றும் காணப்படும் சிவப்பும் வெள்ளையும் சுற்றிய கம்பம், இரத்தத்தையும் அதைக் கட்டிய துணியையும் குறிப்பதென்று கூறுவர்.

தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் வழக்கம் பரவியது பிற்காலத்திலேயாம். பிரான்சு தேசத்தில் ழான் ழாக் பெரே என்னும் கத்தி செய்யும் தொழிலாளர், தச்சரின் இழைப்புளியைக் கண்டு, அதைப் போலவே அலகின் முனை மட்டும் வெளியே தெரியுமாறு மரத்தாற் காப்பிட்ட ஒரு சவரக்கத்தியைச் செய்தார். 1769-ம் ஆண்டில், தானே சவரம் செய்யக் கற்கும் கலையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பின்னர் அமெரிக்காவில் கிங் காம்ப் ஜில்லெட் என்பவர், மழுங்கியவுடன் எறிந்துவிடத்தக்க மெல்லிய பிளேடைக் கண்டுபிடித்தார். 1903-ம் ஆண்டில் அவர் விற்றவை 51 கத்திகளும் 168 பிளேடுகளுமே. மறு ஆண்டில் கத்திகளின் விற்பனை 90 ஆயிரத்தைக் கடந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு இலட்சக்கணக்கான கத்திகள் வழங்கப்பட, வீட்டிலேயே சவரம் செய்யும் பழக்கம் உலகெங்கும் பரவிற்று. இங்ஙனம் கருவி எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது. கைத்திறன் அதனோடு வந்து சேரவில்லை.

“சிறிது கீறினால் என்ன? ஆறிவிடாதோ?” என்பர் இளைஞர். பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் ஆறாமற் போனதும் உண்டு. அமெரிக்க அறிஞர் தோரோ அவர்களின் தமையனார் ஜான் என்பவர், 1842-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போது விரலிற் சிறிது கீறிக்கொண்டார். மிகச் சிறிய காயம். அதன் வழியே ஜன்னி கண்டு, தாடை பூட்டிக்கொள்ள, ஜனவரி 11-ம் நாள் உயிர் நீத்தார். எகிப்து நாட்டில் துட்டங்காமன் அரசனின் கல்லறையைத் தோண்டப் பொருளுதவி செய்த கார்னார்வன் பிரபு, கன்னத்திற் கொசு கடித்த இடத்தைச் சவரம் செய்கையிற் கீறிக்கொண்டார். அதனால் இரத்தம் நஞ்சாகிக் காய்ச்சலும் கண்டு, 1923-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் நாள் கெய்ரோ நகரில் மாண்டார். செல்வமும் மருத்துவரும் சூழ்ந்திருந்தும் பயனில்லை. பெனிசிலின் மருந்து அறியப்பட்டது 1928-ம் ஆண்டிலன்றோ? இக்காலத்தில் மருந்துகள் உள்ளன. ஜன்னிக்குத் தடுப்பூசி உள்ளது. ஆயினும் தோல் என்பது உடலின் மதில் என்பதும், காயம் என்பது அம்மதிலில் விழுந்த வாயில் என்பதும் அன்றும் இன்றும் ஒன்றே.

இனி, காயம் படாமற் செய்யும் முறைக்கு வருவோம். வீட்டிற் செய்பவர்க்கும் கடையிற் செய்பவர்க்கும் இது பொது.

முதலாவது, முகத்தை அறிதல். கத்தியைத் தொடுமுன் விரலால் முகத்தைத் தடவிப் பார்த்தல் வேண்டும். எத்திசையில் தடவினால் வழுவழுப்பாயிருக்கிறதோ அதுவே முடியின் போக்கு. எத்திசையிற் சொரசொரப்போ அது எதிர்ப்போக்கு. கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்திலோ அங்ஙனமன்று: சிலர்க்கு மேல்நோக்கியும், சிலர்க்குப் பக்கவாட்டிலும், சிலர்க்குச் சுழித்தும் வளரும். ஒரே கழுத்தில் இடப்பக்கம் ஒரு விதமும் வலப்பக்கம் ஒரு விதமுமாக இருப்பதும் உண்டு. கழுத்திற் காயம் மிகுதியாகப் படுவதற்கு இதுவே காரணம். பருவும், மறுவும், பழைய தழும்பும் எங்குள்ளன என்பதையும் நுரை மூடுமுன்னரே கண்டு மனத்திற் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, நீர். உலர்ந்த முடி வன்மையுடையது. நீரை உறிஞ்சிய முடி மென்மையுடையது. ஆகையால் குளித்த பின்னர்ச் சவரம் செய்வது சாலச் சிறந்தது. அது கூடாதெனின், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருத்தல் போதும். கடைக்கு வருவோரை அமர்த்தி, முகத்தை நனைத்து விட்டு, ஊர்ச் செய்தி பேசிக்கொண்டே கத்தி தீட்டிய நம் பாட்டன்மாரின் செயலை நினைத்துப் பாருங்கள். அந்தப் பேச்சுக்கிடையில் முடி ஊறிற்று! பொழுதுபோக்கென்று நாம் எண்ணியது தொழில் நுட்பமாயிருந்தது.

மூன்றாவது, நுரை. சோப்பு நுரை அழகுக்கன்று. கத்தி வழுக்கிச் செல்வதற்கும், முடியின் ஈரம் உலராதிருப்பதற்குமே அஃது ஏற்பட்டது. பிரஷை வட்டமாகச் சுழற்றித் தடவினால் படிந்த முடி நிமிரும். நுரை உலர்ந்த இடத்திற் கத்தி போகலாகாது. ஒரே இடத்தில் மறுமுறை மழிப்பதாயின் மறுபடியும் நுரை தடவியே மழிக்க வேண்டும்.

நான்காவது, கத்தியின் சாய்வு. கத்தியை முகத்தின்மேல் நிமிர்த்திப் பிடித்தால் சுரண்டும். முற்றும் படுக்க வைத்தால் முடியை அறுக்காது இழுக்கும். தோலுக்கும் அலகுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகை சாய்வு இருப்பது நன்று. செங்கோணத்தில் மூன்றில் ஒரு பங்கென்று கொள்க. வீட்டிற் பயன்படுத்தும் இரண்டு மூன்று அலகுடைய ரேசரில் இச்சாய்வைச் செய்தவரே அமைத்திருக்கின்றனர். ஆயின் அதை அழுத்துபவர்க்கு அது காப்பாகாது.

ஐந்தாவது, அழுத்தாமை. எல்லாவற்றினும் பெரியது இது. காயம் படுவதற்குக் காரணம் கத்தியின் கூர்மை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. கூர்மையுள்ள கத்தி தன் கனத்தாலேயே முடியை அறுத்துச் செல்லும். மழுங்கிய கத்தியையே மனிதன் அழுத்துகிறான். அழுத்தியபோது அது தோலிற் புகுகிறது. ஆகவே காயத்திற்குத் தாய் மழுங்கலே. எஃகினால் ஆன பிளேடு மென்மையான முடியினால் எங்ஙனம் மழுங்கும் என்று வியப்பீர்கள். 2020-ம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இதை ஆராய்ந்தனர். எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானதாயினும், முடி வளைந்து அலகின் ஓரத்தில் மோதும்போது, கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் அவ்வோரத்திலிருந்து பெயர்கின்றன என்பதை உருப்பெருக்கிக் கருவியாற் கண்டனர். இழுக்கிறது என்று தோன்றிய கணமே பிளேடை மாற்றிவிட வேண்டும். பிளேடின் விலை சில ரூபாய், முகத்திற்கு விலையில்லை.

ஆறாவது, தோலை இழுத்துப் பிடித்தல். வலக்கை மழிக்கும், காப்பது இடக்கை. கத்தி செல்லும் திசைக்கு எதிராகத் தோலை இடக்கை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்தால் மேடு பள்ளம் இன்றிச் சமமாகும். தாடையெலும்பின் விளிம்பிலும், மோவாய் முனையிலும், கீழுதட்டின் அடிக்குழியிலும், குரல்வளை மேட்டிலுமே மிகுதியாக வெட்டுப்படும். தாடை விளிம்புத் தோலைக் கன்னத்தின்மேல் ஏற்றி மழிக்கலாம். குரல்வளை மேட்டில், எச்சிலை விழுங்கச் செய்து, தோலைப் பக்கத்திற்குத் தள்ளி மழிக்கலாம். வாயோரத்தில் உதட்டை உள்மடித்தால் போதும். ஒரு விரற்கடை அளவே இழுக்க வேண்டும். நீண்ட இழுப்பு விரைவுக்கு அடையாளமேயன்றித் திறமைக்கு அன்று. கத்தியை அதன் அலகின் வழியே பக்கவாட்டில் நகர்த்துதல் எக்காலத்தும் ஆகாது; காய் நறுக்கும் அசைவு அது.

ஏழாவது, போதுமென நிறுத்துதல். முதலில் முடியின் போக்கிலேயே மழிக்க. இன்னும் நேர்த்தி வேண்டின் குறுக்காக மழிக்க. எதிர்ப்போக்கில் மழிப்பது எல்லா முகத்திற்கும் ஏற்றதன்று. சுருள் முடியுடையார்க்கு, மிக ஒட்ட மழித்த முடியின் முனை கூராகித் தோலுக்குள்ளேயே திரும்பிப் புகுந்து கொப்புளமாகும். அத்தகையோர் டிரிம்மரால் சிறிது முடியை விட்டு வைப்பதே நலம். பருக்கள் பழுத்திருக்கும்போதும் சில நாள் விட்டுவிடுதல் தகும். முடிந்தபின் குளிர்ந்த நீரிற் கழுவி, துண்டினால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தலாகாது.

தொழில் பழகும் சிறுவர்க்கு ஒன்று சொல்வோம். ஊதிய பலூனில் நுரை தடவி, அது வெடிக்காமல் நுரையை வழித்துப் பழகுக. அழுத்தாமை என்னும் பாடத்தை அதைப்போற் கற்பிக்கும் ஆசிரியர் இல்லை.

இத்துணையும் செய்தும் ஒருகாற் கீறிவிட்டால் செய்யவேண்டுவது யாது? பதறாமல், தூய நீரிற் கழுவி, தூய பஞ்சினாலோ துணியினாலோ சில நிமிடம் விடாது அழுத்திப் பிடிக்க வேண்டும். நொடிக்கொரு முறை எடுத்துப் பார்த்தலாகாது. படிகாரம் தசையைச் சுருக்கி இரத்தத்தை நிறுத்தும் குணமுடையது. நம் முன்னோர் அறிந்த மருந்து. ஆனால் இங்கு ஒரு பேராபத்து மறைந்திருக்கிறது. ஒரே படிகாரக் கட்டியைக் காலை முதல் மாலை வரை வருவோர் போவோர் காயத்திலெல்லாம் தேய்த்தல், ஒருவர் இரத்தத்தை மற்றொருவர்க்குப் பூசுதலே யாகும். வீட்டில் அவரவர்க்குத் தனிக்கட்டி வைத்துக்கொள்ளலாம். கடையிற் படிகாரத்தைப் பொடியாக்கி, சிறிதளவு தனியே எடுத்து, புதுப் பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சை எறிந்துவிட வேண்டும்.

மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி என்னும் கிருமி, உலர்ந்த இரத்தத்தில் உடலுக்கு வெளியே 7 நாள் வரையிலும் வலிமையோடு இருக்கும். ஹெபடைடிஸ் சி என்பதும் இரத்தத்தால் பரவுவதே. இவை ஈரலைக் கெடுப்பவை. பல ஆண்டுகள் வரை அறிகுறியும் காட்டாமல் இருப்பவை. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்திலும் இவை உண்டு. முகத்தில் முடிக்கால்கள் சீழ்கொண்டு சிவக்கும் நோய்க்கு ஆங்கிலேயர் “பார்பர்ஸ் இச்” என்று நம் தொழிலின் பெயரையே இட்டனர். ஒரு தொழிலின் பெயரால் ஒரு நோய் வழங்குவதைவிட அத்தொழிலுக்கு இழிவு வேறுண்டோ? முதல் உலகப் போர்க் காலத்தில், சுத்தம் செய்யாத குதிரைமயிரால் ஆன பிரஷ்களின் வழியே ஆந்த்ராக்ஸ் என்னும் கொடுநோய் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிலரைக் கொன்றது. பிரஷும் துண்டும் கூடக் கத்தியைப் போலவே காக்கத்தக்கவை.

நம் நாட்டில் 1986-ம் ஆண்டில், டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் செல்லப்பன் நிர்மலா அவர்களும் செய்த ஆராய்ச்சியால், எய்ட்ஸ் நோய்க் கிருமி சென்னையில் முதன்முதல் கண்டறியப்பட்டது. அதன்பின் எழுந்த அச்சம், ஒவ்வொருவர்க்கும் புதுப் பிளேடு என்னும் நற்பழக்கத்தை நம் கடைகளில் வேரூன்றச் செய்தது. அக்கிருமி உடலுக்கு வெளியே நெடுநேரம் வாழ்வதில்லை. தொடுவதாலும், துண்டினாலும், நாற்காலியில் அமர்வதாலும் பரவுவதில்லை. ஆகவே அந்நோயுற்றவர் எவரையும் நாம் வெறுத்து விலக்க நியாயம் இல்லை. யார்க்கு எந்நோய் உண்டென்று ஆராயாமல், எல்லார்க்கும் ஒரே விதமாகச் சுத்தத்தைக் காப்பதே அறிவுடைமை.

கடையிற் பிளேடைக் காகிதத்தோடு வைத்தே இரண்டாக ஒடித்து, பாதியைக் கைப்பிடியிற் பூட்டுகிறோம். வந்தவர் கண்முன்னே ஒடித்துப் பூட்டுக. முடிந்ததும் அவர் கண்முன்னே கழற்றுக. மற்றப் பாதி காகிதத்திலேயே இருக்கட்டும். பிளேடு மட்டும் புதிதாயிருந்து, கைப்பிடி பழைய நுரையும் முடியும் படிந்திருப்பின் பயனில்லை. அதைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் அதற்குரிய நேரம் ஊறவைக்க வேண்டும். ஒரு நொடி முக்கி எடுப்பது சடங்கேயன்றிச் சுத்தமாகாது. பழைய பிளேடுகளைக் குப்பையில் எறிபவர், அக்குப்பையை வெறுங்கையால் அள்ளும் தொழிலாளியின் விரலை மறந்தவராவர். மூடியுள்ள ஒரு தகர டப்பாவிற் சேர்த்து, நிறைந்ததும் நன்கு மூடி, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். வீட்டிலும், தந்தையும் மகனும் அண்ணனும் தம்பியும் ஒரே ரேசரைப் பயன்படுத்துதல் அன்புக்கு அடையாளமன்று. தாய்மார்கள் இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. முகத்திற்கும் முகத்திற்கும் நாம் காணவேண்டிய வேற்றுமை முடியின் போக்கு ஒன்றே. சில ஊர்களில், ஒரு சாராரின் பிள்ளைகளுக்குக் கடை நாற்காலி மறுக்கப்படுகிறது என்று இன்றும் செய்தித்தாள்களிற் காண்கிறோம். நம்மவர் அதைத் தம் விருப்பத்தாற் செய்வது பாதி. ஊரில் வலியோர்க்கு அஞ்சிச் செய்வது பாதி. தீண்டாமையை 1950-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு ஒழித்தது; 1955-ம் ஆண்டின் சட்டம், தீண்டாமையின் பேரில் தொழிற்சேவை மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் கிடக்க, நம் நெஞ்சைக் கேட்போம். இழிவின் வலி நாம் அறியாததன்று. வலியறிந்தவன் பிறர்க்கு அதைச் செய்யின் அவன் மருத்துவன் ஆவனோ? தனித்து நிற்கும் கடைக்காரர் ஒருவர் ஊரை எதிர்த்தல் அரிது. சங்கம் அவர் பின்னே நின்றால் எளிதாகும்.

முடிவாகச் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, முதிர்ந்த கைகள் இருக்கும்போதே, மாதம் ஒரு நாள் இளைஞர்க்குக் கத்திப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்க; வெளிவேலை பார்க்கும் பிள்ளைகளும் அதில் வந்து தம் முகத்தைத் தாமே மழிக்கக் கற்கட்டும். இரண்டாவது, தொழில் செய்வோர் அனைவரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மருத்துவர் சொற்படி மூன்று தவணையாக ஆறு மாதத்திற்குள் போட்டுக்கொள்ள வழிகாட்டுக. சிறுவர்க்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் ஜன்னித் தடுப்பூசி தவறாதிருக்கப் பெற்றோர் பார்த்துக்கொள்க. மூன்றாவது, புதுப் பிளேடு, தூய துண்டு, எல்லார்க்கும் ஒரே நாற்காலி என்னும் மூன்றையும் உறுப்பினர் கடைதோறும் பலகையில் எழுதி வைக்கச் செய்க. எழுதியவாறே நடக்கவும் செய்க.